இடியும் வசந்தமும்: அட்சனி சோத்திகுல் என்ற கிட்டார்காரர்

தாய்லாந்தின் ராக் கிட்டார்காரரான அவருடைய பெயரைப் பிரித்துப் பார்த்தால் தமிழருக்குப் பாதிக்கு மேல் புரிந்துவிடும். அட்சனி என்பது அசனி, அதாவது இடி. நம் பழைய செய்யுள்களிலும் அதே சொல் அதே பொருளில் வருகிறது. சோத்திகுல் என்ற குடும்பப் பெயர் ஜோதியும் குலமும் சேர்ந்தது. கூடவே நின்று பாடும் தம்பியின் பெயர் வசன், அது வசந்தம். அண்ணன் 1955இலும் தம்பி 1957இலும் பிறந்தவர்கள். தாய்லாந்தில் ரசிகர்கள் இவர்களை பீ போம், பீ தோ என்று வீட்டுப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ‘பீ’ என்றால் மூத்தவர்; அண்ணனுக்கும் அக்காவுக்கும் அங்கே அந்த ஒரே சொல்தான்.

அட்சனி–வசன் என்ற பெயரில் இருவரும் முதல் ஆல்பத்தை வெளியிட்டது 1986இல். அன்று கல்லூரியில் படித்தவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். அந்தப் பாடல்களோ இன்றும் பாங்காக்கின் கரோக்கே அறைகளிலும் சாலையோர மதுக்கடைகளில் கிட்டார் வாசித்துப் பிழைக்கும் பையன்களின் பட்டியலிலும் இருக்கின்றன. தாய்லாந்தில் அட்சனியைவிட வேகமாக விரல் ஓடிய கிட்டார்காரர்கள் இருந்தார்கள். அவரைவிடக் கோபமாகப் பாடியவர்களும், அவரைவிட அதிக கேசட் விற்றவர்களும் இருந்தார்கள். அப்படியிருக்க இவரிடம் என்ன தனியாக இருந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து வந்த ஒரு வாத்தியத்தின் மேல் தாய்லாந்துக்காரர்களின் அன்றாடப் பேச்சை அப்படியே உட்கார வைத்தவர் அவர். கேட்க எளிதாகத் தெரியும் இந்த வேலை உண்மையில் எவ்வளவு கடினம் என்பது அந்த மொழியின் ஒலியமைப்பைக் கொஞ்சம் பார்த்தால்தான் தெரியும்.

விமானத்தளங்கள் நடத்திய பள்ளிக்கூடம்

1960களில் தாய்லாந்தில் மின் கிட்டார் வைத்திருந்த குழுக்களுக்கு ‘வோங் ஷாடோ’ என்று பெயர். இங்கிலாந்தின் தி ஷாடோஸ் குழுவின் பெயரே ஒரு இசை வகையின் பெயராக மாறிவிட்டது. அப்புறம் ‘ஸ்ட்ரிங் கோம்போ’ என்ற மேற்கத்திய பாணிப் பாப் குழுக்கள் வந்தன. 1969இல் தொடங்கிய ஸ்ட்ரிங் கோம்போ போட்டியில் மூன்று முறை வென்ற தி இம்பாசிபிள்ஸ் குழு நாடெங்கும் புகழ்பெற்றது.

ஆனால் கிட்டார்காரர்களை உருவாக்கிய பெரிய பள்ளிக்கூடம் போட்டி மேடை இல்லை, அமெரிக்க விமானத்தளங்கள். வியட்நாம் போர்க்காலத்தில் உடோன், உபோன், கோராட், தாக்லி, நக்கோன் பனோம், ஊ தபாவ் ஆகிய இடங்களில் அமெரிக்கப் படைகள் இருந்தன. உச்சக் காலத்தில் ஏறக்குறைய 50,000 பேர். ஒவ்வொரு தளத்தைச் சுற்றியும் மதுக்கடைகள், ஒவ்வொரு கடையிலும் ஒரு இசைக்குழு. அமெரிக்காவில் போன மாதம் வெளிவந்த பாட்டை இந்த மாதம் வாசிக்காவிட்டால் சிப்பாய் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுவான். கிட்டார்காரர்கள் இசைத்தட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, காதால் கேட்டு, இரவோடு இரவாகக் கற்றுக்கொண்டார்கள். உடோனில் வாசித்த வி.ஐ.பி. குழுவின் லாம் மாரிசன் இந்தப் பள்ளியின் தலைமாணாக்கர். அமெரிக்கக் கிட்டார்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸை நேரில் பார்க்காமலே அந்த வாசிப்பைத் தன் விரலுக்குக் கொண்டுவந்த தலைமுறை அது.

இந்தப் பள்ளி கொடுத்த பயிற்சி பெரியது. அதில் ஒரு குறையும் இருந்தது. அங்கே தாய்லாந்து மொழிக்கு வேலையே இல்லை. கேட்பவர் அமெரிக்கர் என்றால் ஆங்கிலத்தில்தான் பாட வேண்டும். எனவே ஒரு தலைமுறைக் கிட்டார்காரர்கள் ரிஃப் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் வரி) என்றால் ஆங்கிலச் சொல்லோடு பிறப்பது என்ற பழக்கத்தோடே வளர்ந்தார்கள்.

1976க்குள் அமெரிக்கப் படைகள் வெளியேறின. அதற்குச் சற்று முன்னால், ராணுவ ஆட்சிக்கு எதிரான 1973 அக்டோபர் மாணவர் எழுச்சிக்குப் பிறகு, ‘ப்லேங் புவா சீவித்’ என்ற இன்னொரு ஓட்டம் கிளம்பியிருந்தது. பொருள், வாழ்வுக்கான பாடல். கேரவன் குழு அதன் முதல் பெயர். அக்கூஸ்டிக் கிட்டார், நாட்டுப்புற மெட்டு, அரசியல். அதே வழியில் பிறகு வந்த காரபாவ் மின் கிட்டாரையும் நாட்டுப்புற நடன தாளத்தையும் கலந்து, 1984இல் வெளியிட்ட ஆல்பத்தால் நாட்டையே புரட்டிப்போட்டது. அந்த ஒரு ஆல்பம் 50 லட்சம் பிரதி விற்றது என்று சொல்வது வழக்கம்.

ஆக 80களின் நடுவில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று விமானத்தளங்களிலிருந்து வந்த கைத்திறன், மற்றது வாழ்வுக்கான பாடலின் சொல். அட்சனி இரண்டு பக்கத்தையும் கேட்டு வளர்ந்த வயதுக்காரர், ஆனால் எதிலும் முழுதாகச் சேராதவர்.

லோய்

அவருடைய ஊர் லோய். தாய்லாந்தின் வடகிழக்கில், மேக்கோங் ஆற்றின் கரையில், லாவோஸ் எல்லையை ஒட்டிய மலை மாகாணம். அந்த வெப்ப நாட்டில் குளிருக்குப் பெயர்போன இடம். வடகிழக்குப் பகுதி முழுவதற்கும் ‘ஈசான்’ என்று பெயர். வீடு கட்டும்போது நாம் சொல்லும் ஈசானிய மூலை இருக்கிறதே, அதே சொல்தான். திசையின் பெயரே பகுதியின் பெயராகிவிட்டது.

லோய்க்காரர்களின் வீட்டுப் பேச்சு லாவோஸின் லுவாங் பிரபாங் பேச்சுக்கு நெருங்கியது. பள்ளியிலும் வானொலியிலும் பாங்காக் மொழி. இரண்டும் உறவு மொழிகள்தான், ஆனால் ஒரே சொல் இரண்டிலும் வேறு வேறு தொனியில், அதாவது குரலின் வேறு வேறு ஏற்ற இறக்கத்தில், ஒலிக்கும். அந்தப் பக்கத்து மரபிசையான ‘மோர் லாம்’ முழுக்க முழுக்கச் சொல்லின் தொனியைப் பிடித்துக்கொண்டு போவது. பாடகர் தனியாக மெட்டு என்று ஒன்றை மனப்பாடம் செய்வதில்லை. சொல் ஏறினால் பாட்டு ஏறும், சொல் இறங்கினால் பாட்டு இறங்கும், பக்கத்தில் ‘கேன்’ என்ற மூங்கில் குழல் வாத்தியம் ஓடிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட ஊரில் வளரும் பிள்ளைக்குச் சொல்லும் சுரமும் ஒன்றையொன்று இழுக்கும் என்பதை யாரும் பாடமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

70களில் அவர் இருந்த குழுவின் பெயர் ‘இஸின்ட்’. ஆங்கிலச் சொல்தான், தாய்லாந்து வாயில் அதைச் சொன்னால் ‘ஈசான்’ பக்கத்தில் வந்து நிற்கிறது. அதற்குப் பின் பாங்காக்கில் ‘பட்டர்ஃப்ளை’ என்ற குழுவோடு சேர்ந்தார். சுரசீ இத்திகுல், சிரபான் அங்சவானன் போன்ற தேர்ந்த இசைக்காரர்கள் நடத்திய அந்தக் குழுவை ஸ்டூடியோ என்றும் சொல்லலாம். விளம்பரப் பாடல்களும் திரையிசையும் அங்கே தயாராயின. விளம்பரப் பாட்டுக்குக் கிடைப்பது அரை நிமிடம். அதற்குள் ஒரு சொற்றொடர் கேட்பவர் வாயில் ஒட்ட வேண்டும். அந்தச் சூழலில் கழிந்த ஆண்டுகள் வீணாகவில்லை என்பது 1986க்குப் பிறகு வந்த பாடல்களைக் கேட்டாலே தெரியும். அவற்றில் நீட்டல் கிடையாது. ரிஃப் தொடங்கும், எட்டுத் தட்டுக்குள் பாட்டின் தலைச்சொல் வந்துவிடும்.

ஐந்து ஆண்டு, ஐந்து ஆல்பம்

1986இலிருந்து 1990 வரை ஆண்டுக்கு ஒன்று வீதம் ஐந்து ஆல்பங்கள். அவற்றின் பெயர்களைக் கேளுங்கள்.

முதலாவது ‘பா ஹோப் ஃபாங்’. வைக்கோலை வாரிச் சுமக்கும் பைத்தியம் என்று பொருள். தேவையில்லாததையெல்லாம் கைநிறைய அள்ளிக்கொண்டு திரியும் ஆளை அங்கே அப்படிச் சொல்வார்கள். 1987இல் ‘பக்ச்சீ ரோய் நா’, மேலே தூவிய கொத்தமல்லி. உள்ளே சரக்கு இல்லாமல் மேல்பார்வைக்கு மட்டும் அழகு செய்வதற்கான பழமொழி அது. அதிகாரி வருகிறார் என்றதும் சாலையோரக் கற்களுக்கு அவசரமாகச் சுண்ணாம்பு அடிப்பார்களே, அது ‘பக்ச்சீ ரோய் நா’. ரசத்தில் கடைசியாகக் கொத்தமல்லி தூவும் நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. 1988இல் ‘க்ரடீ தாய் நாம்’. க்ரடீ என்பது வயல் குட்டைகளில் வாழும் சிறு மீன். அதற்குத் தண்ணீர் கிடைத்தால் எப்படித் துள்ளுமோ அப்படித் தலைகால் புரியாமல் குதிக்கும் ஆளைப் பற்றிய சொல். 1989இல் ‘ஃபக் தோங்’, பூசணிக்காய். சொல்லைப் பிரித்தால் பொன் பூசணி. 1990இல் ‘சப்பரோத்’, அன்னாசி. ஒரு காரியம் உருப்படாமல் போனால் ‘அன்னாசியாகவில்லை’ என்பது அவர்கள் வழக்கு. பிறகு 1993இல் ‘ருங் கின் நாம்’. வானவில்லுக்கு அவர்கள் மொழியில் அதுதான் பெயர், தண்ணீர் குடிக்கும் வில்.

அதே ஆண்டுகளில் மற்ற ராக் குழுக்கள் நெருப்பு, இரும்பு, இரவு என்று பெயர் தேடிக்கொண்டிருந்தபோது இவர் அடுப்படியிலிருந்தும் வயல்வரப்பிலிருந்தும் பெயர் எடுத்தார். இதை நான் அலங்காரமாகப் பார்க்கவில்லை. இசைக் காரணம் ஒன்று உண்டு.

தாய்லாந்து மொழியில் ஐந்து தொனிகள். ஒரே அசையைச் சமமாகவோ, தாழ்த்தியோ, இறக்கியோ, உயர்த்தியோ, ஏற்றியோ சொன்னால் பொருள் மாறிவிடும். அந்த மொழியைக் கற்கப் போகிறவர்களிடம் முதல் வாரமே ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள்: ‘மை மை மை மை மை’. மரம், புது, இல்லை, எரி, கேள்வி ஆகிய ஐந்து சொற்கள். ‘புது மரம் எரியாதா?’ என்று பொருள். எழுத்தில் நமக்கு ஒரே ‘மை’ தான், காதுக்கு வேறு வேறு.

இப்போது ராக் பாட்டை நினைத்துப் பாருங்கள். தாளம் தரையில் அறைகிறது, ரிஃப் இரண்டு மூன்று சுரத்துக்குள் சுற்றுகிறது, பாடகர் ஒவ்வொரு தட்டிலும் ஒரு அசையை ஓங்கி வைக்கிறார். ஆங்கிலத்தில் இது செல்லும். தாய்லாந்து மொழியில் இறங்க வேண்டிய சொல்லை உச்சத்தில் வைத்துக் கத்தினால் கேட்பவருக்குச் சொல் மங்கிவிடும், ‘இல்லை’ என்று சொல்ல வந்தது ‘புதுசு’ என்று கேட்கும். பாடகர்கள் இதைச் சமாளிக்கச் சுரத்துக்குள் நேராக நுழையாமல், கீழிருந்தோ மேலிருந்தோ வழுக்கிக்கொண்டு நுழைவார்கள். மெதுவான பாட்டில் அதற்கு நேரம் இருக்கிறது. வேகமான ராக்கில் அந்த நேரம் இல்லை.

பழமொழி இங்கேதான் கைகொடுக்கிறது. ‘பக்ச்சீ ரோய் நா’ நான்கு அசை. ‘க்ரடீ தாய் நாம்’ நான்கு அசை. நான்கு தட்டு கொண்ட ஒரு தாளக் கட்டில் அச்சாகப் பொருந்துகிறது. அதைவிட முக்கியமாக, எல்லோருக்கும் தெரிந்த தொடர் என்பதால் தொனி கொஞ்சம் நசுங்கினாலும் காது தானாகவே நிரப்பிக்கொள்ளும். ‘ஆனைக்கும் அடி…’ என்று ஒருவர் தொடங்கினால் ‘சறுக்கும்’ என்பது நமக்குத் தானே வருகிற மாதிரி. வேகமாக, சத்தமாக, தட்டின் மேல் பாடினாலும் பொருள் கெடாத சொற்கள் மொழிக்குள் ஏற்கெனவே தயாராகக் கிடந்தன. அவற்றை அவர் எடுத்துக்கொண்டார்.

இன்னொரு சின்ன உதாரணம். அந்தக் காலத்து அவருடைய வெற்றிப் பாடல்களில் ஒன்று ‘பங்ஓன் ஆவ் தே நோன்’. பங்ஓன் என்பது செய்யுளில் வரும் பழைய சொல், அழகிய மங்கை. ‘ஆவ் தே நோன்’ என்பது பச்சை வீட்டுப் பேச்சு, ‘எப்பப் பார்த்தாலும் தூக்கம்’. ஓன், நோன் என்று இயைபு விழுகிறது. ‘நங்கை தூங்குமூஞ்சி’ என்று நாம் ஒரு பாட்டைத் தொடங்கினால் எப்படி இருக்கும்? இலக்கியச் சொல்லும் சமையலறைச் சொல்லும் தோளில் கைபோட்டு நிற்கும் அந்தச் சேர்க்கைதான் அவருடைய கையெழுத்து.

168 எழுத்தில் ஒரு ராக் பாட்டு

‘ஃபக் தோங்’ ஆல்பத்தில் ‘க்ருங்தேப் மஹா நக்கோன்’ என்று ஒரு பாட்டு. இந்த ஆய்வுக்கு அதுவே நடு மையம். அதன் வரிகள் முழுவதும் பாங்காக் நகரத்தின் முழுப் பெயர் மட்டும்தான். வேறு ஒரு சொல் கிடையாது. அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது.

பாங்காக்கின் சம்பிரதாயப் பெயர் அவர்கள் எழுத்தில் 168 எழுத்து. உலகின் மிக நீளமான இடப்பெயர் என்று கின்னஸ் பதிவில் ஏறியது. 1782இல் தலைநகரை நிறுவிய மன்னர் முதலாம் ராமா காலத்துப் பெயர். நான்காம் ராமா அதில் ஒரு சொல்லை மாற்றினார். இதோ, மூச்சு பிடித்துக்கொண்டு:

க்ருங்தேப் மஹா நக்கோன், அமோன் ரத்தனகோசின், மஹின்தரா அயுத்தயா, மஹா திலோக் போப், நோப்பரத் ராச்சதானி புரீரோம், உதோம் ராச்சநிவேத் மஹா சதான், அமோன் பிமான் அவதான் சதித், சக்கதத்திய விட்சனுகம் ப்ரசித்.

தமிழ் வாசகருக்கு இது வேற்று மொழியாகவே படாது. மகா நகரம். அமர. ரத்தினம். மகேந்திர. அயோத்தி. திலகம். நவரத்தினம். ராஜதானி. புரி, ரம்யம். உத்தம ராஜ நிவேசனம். மகாஸ்தானம். அமர விமானம். அவதாரம். சக்கன் என்பது பாலி மொழியில் இந்திரன். விட்சனுகம் என்பது விசுவகர்மா. தேவர்களின் நகரம், இந்திரனின் மணி இருக்கும் இடம், ஒன்பது மணிகள் பதித்த ராஜதானி, அவதாரம் எடுத்த தெய்வம் குடியிருக்கும் அரண்மனை, இந்திரன் சொல்ல விசுவகர்மா கட்டியது: இவ்வளவும் அந்த ஒரு பெயருக்குள்.

இதை வெறும் பட்டியலாக நினைத்தால் ராக் பாட்டு ஆகாது. ஆனால் சத்தமாகப் படித்துப் பாருங்கள். நக்‘கோன்’ என்று முடிய அ‘மோன்’ என்று அடுத்தது எடுக்கிறது. கோ‘சின்’ முடிய ம‘ஹின்’. அயுத்த‘யா’ முடிய ம‘ஹா’. ‘போப்’ முடிய ‘நோப்’. ராச்சதா‘னீ’க்குப் பு‘ரீ’. புரீ‘ரோம்’ முடிய உ‘தோம்’. ச‘தான்’, பி‘மான்’, அவ‘தான்’. கடைசியில் ச‘தித்’துக்கு ப்ர‘சித்’. ஒரு துண்டின் கடைசி ஒலியை அடுத்த துண்டின் தொடக்கம் பிடித்துக்கொள்கிறது. நம் அந்தாதியின் தூரத்து உறவு மாதிரி இருக்கிறது. அதாவது அந்தப் பெயர் ஏற்கெனவே செய்யுள். அரசாங்கத் தாளில் அச்சடித்து வைத்ததால் எல்லோரும் அதை நீளமான பெயர் என்று மட்டும் பார்த்தார்கள். ஒரு கிட்டார்காரருக்கு அதற்குள் தாளம் கேட்டது.

சமஸ்கிருதமும் பாலியும் வந்து கலந்த சொற்களில் இன்னொரு வசதியும் உண்டு. அவை நீளமான பல அசைச் சொற்கள். ‘மை’ மாதிரி ஒற்றை அசையில் பொருள் தொங்கிக்கொண்டிருப்பதில்லை. நோப்-ப-ரத்-ராச்-ச-தா-னீ என்று அசை அசையாகச் சுத்தியல் அடித்தாலும் சொல் உடையாது. தொனி மொழியில் ராக் பாடும் சிக்கலுக்கு இரண்டு விடைகளை அவர் கண்டுபிடித்தார் என்று தோன்றுகிறது. ஒன்று எல்லோர் வாயிலும் இருக்கும் பழமொழி, மற்றது யார் வாயிலும் இல்லாத அரண்மனைச் சொல்.

அந்த அரண்மனைச் சொல் அப்புறம் எல்லோர் வாய்க்கும் வந்துவிட்டது. இன்று நகரத்தின் முழுப் பெயரை மனப்பாடமாகச் சொல்லும் தாய்லாந்துக்காரர்களில் பலருக்கு அது இந்தப் பாட்டு வழியாகத்தான் வந்தது. அவர்களைச் சொல்லச் சொன்னால் வாசிக்கிற தோரணையில் வராது, பாட்டின் தட்டோடுதான் வரும்.

கிட்டார் என்ன செய்கிறது

இவ்வளவு சொன்ன பிறகு கிட்டாரைப் பற்றிக் குறைவாகச் சொல்வது சரியாக இராது, ஆனால் சொல்ல வேண்டியது சுருக்கமானது. அட்சனியின் வாசிப்பில் எனக்குப் பிடித்தது அவர் விட்டுக்கொடுக்கும் இடம். இரண்டு சகோதரர்களின் குரலும் ஒன்றோடொன்று ஒட்டிப் போகும்போது கிட்டார் அவர்களுக்குக் குறுக்கே வராது. சொல் முடியும் இடத்தில் ஒரு வெட்டு, அடுத்த சொல் தொடங்குமுன் நிறுத்தம். சோலோ, அதாவது கிட்டாரின் தனி வாசிப்பு, வந்தால் பாட்டின் மெட்டை ஒட்டியே வருகிறது, பாடிக் காட்டக்கூடிய சோலோ. தந்தியை வளைத்துச் சுரத்தை ஏற்றும்போது, அவருடைய பாட்டில் சொல் ஏறும் விதத்தைத்தான் அது பின்பற்றுகிறது என்று எனக்குக் கேட்கிறது.

அதே காலத்தில் ஓலான் ப்ரோம்ஜாய் தன் தி ஓலான் ப்ராஜெக்ட் குழுவோடு கனமான மெட்டல் ராக் வாசித்துக்கொண்டிருந்தார். கிட்டார் கற்கும் பையன்களுக்கு அவர்தான் சிகரம். மைக்ரோ குழு 1986இல் வந்து இளைஞர்களைக் கட்டிப்போட்டது. இவர்களில் யாரையும் தாழ்த்திப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் கிட்டார் வாசிக்கத் தெரியாத அம்மாக்களும் டாக்ஸி ஓட்டுநர்களும் வரி தவறாமல் பாடுவது என்ற அளவுகோலை வைத்தால் அட்சனியின் இடம் தனி.

இன்னொரு பக்கம்

1983இல் ரேவத் புத்தினனும் பைபூன் தம்ரோங்சைதாமும் தொடங்கிய ‘கிராமி’ நிறுவனம் (அமெரிக்க விருதோடு இதற்கு எந்தத் தொடர்பும் இல்லை) தாய்லாந்துப் பாப் இசையையே மாற்றியது. அதற்கு முன் கேசட் சந்தை ஒழுங்கில்லாமல் கிடந்தது. வெளிநாட்டுப் பாடல்களின் திருட்டுக் கேசட் நடைபாதையில் வெளிப்படையாக விற்றது. கிராமி வந்ததும் பாடலாசிரியர், இசையமைப்பாளர், ஸ்டூடியோ, தொலைக்காட்சி, விற்பனை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன. அட்சனி–வசனும் அந்தக் கூரையின் கீழ் வந்து சேர்ந்தார்கள். ஆண்டுக்கு ஒரு ஆல்பம் என்ற ஓட்டத்துக்கு அந்த ஒழுங்கும் துணை நின்றது.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. காரபாவ் அரசியல்வாதியையும் நகரத்துச் சுரண்டலையும் பெயர் சொல்லிப் பாடிய அதே பத்தாண்டில் இவர்களுடைய பாடல்கள் காதல், பிரிவு, ஊர்க்கேலி ஆகிய வட்டத்துக்குள்தான் பெரும்பாலும் நின்றன. ‘மேலே தூவிய கொத்தமல்லி’ என்ற தலைப்பில் சமூக விமர்சனம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது யாரையும் தனியாகக் குத்தாத விமர்சனம். பெரிய நிறுவனத்துக்குள் இருப்பவருக்கு எவ்வளவு தூரம் போகலாம் என்ற எல்லை தெரியும். அந்த எல்லைக்கு அப்பால் அவர் போகவில்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது. அவர் கைக்கு வந்த சொல்வளத்துக்கு இன்னும் கூர்மையான பாடல்களைத் தாங்கும் வலு இருந்தது.

மோர் மியூசிக்

90களில் அட்சனி தன் நேரத்தை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார். கிராமிக்குள் ‘மோர் மியூசிக்’ என்ற கிளை அவர் தலைமையில் இயங்கியது, ராக் குழுக்களுக்கான வீடாக.

அங்கிருந்து 1996இல் வந்தது லோசோ குழு. தலைவர் செக்சன் சுக்பிமாய், எல்லோருக்கும் செக் லோசோ. ஈசான் வாசலான நக்கோன் ராச்சசிமாவிலிருந்து பிழைப்புக்காகப் பாங்காக் வந்தவர். பாங்காக்கில் பணக்காரர்களை ‘ஹைசோ’ என்பார்கள், உயர் சமூகம் என்பதன் சுருக்கம். அதைத் திருப்பிப்போட்டுத் தன் குழுவுக்கு ‘லோசோ’ என்று பெயர் வைத்தார். முதல் ஆல்பத்தின் பெயர் ‘லோ சொசைட்டி’. முகப்பூச்சு இல்லாத மூன்று பேர், நேரடியான கிட்டார், நேரடியான சொல். அப்போது கிராமியின் வழக்கம் அழகான முகங்களைத் தேர்ந்து, அவர்களுக்குப் பாட்டு எழுதித் தருவது. தானே எழுதி, தானே வாசித்து, தானே பாடும் ஒரு தொழிலாளி வீட்டுப் பையனை அந்தக் கட்டடத்துக்குள் கொண்டுவர ஒரு பெரியவரின் கை வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு, 1997 ஜூலை 2 அன்று, பாட் நாணயம் சரிந்தது. நிதி நிறுவனங்கள் மூடின, வேலைகள் போயின. ‘கீழ்ச் சமூகம்’ என்ற பெயர் அப்போது ஒரு குழுவின் பெயராக மட்டும் இருக்கவில்லை.

சில்லி ஃபூல்ஸ் குழு 1998இல் மோர் மியூசிக்கிலிருந்து ஆல்பம் வெளியிட்டது. லோசோவுக்கும் இவர்களுக்கும் ஒற்றுமையே கிடையாது. இவர்களுடையது சிக்கலான தாளம், அமெரிக்க மாற்று ராக்கின் சாயல், உச்சத்தில் நிற்கும் குரல். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்திருந்ததில் அட்சனியின் காது தெரிகிறது. தன்னைப் போல வாசிப்பவர்களை அவர் தேடவில்லை. லோசோவில் தாய்லாந்துப் பேச்சு ரிஃப்பின் மேல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சில்லி ஃபூல்ஸில் தாளத்துக்காகப் பேச்சு முறுக்கப்படுகிறது. தொனிச் சிக்கலை இருவரும் வேறு வேறு வழியில் தீர்க்கிறார்கள். அந்தச் சிக்கலைத் தானே பத்து ஆண்டு சுமந்தவருக்குத்தான் இரண்டுமே தீர்வு என்று தெரிந்திருக்க முடியும்.

இப்போது

‘பாங் ஓ’ என்று அவர்களுடைய பிந்தைய ஆல்பம் ஒன்று. பாங்காக்கில் உண்மையாகவே உள்ள ஒரு பகுதியின் பெயர் அது. ஒரு விஷயம் நெடுநேரம் புரியாமல் இருந்து திடீரென்று ‘ஓ!’ என்று விளங்கும்போது ‘பாங் ஓவுக்கு வந்து சேர்ந்துவிட்டேன்’ என்பார்கள். பழமொழியும் ஊர்ப்பெயரும் ஒரே சொல்லில். அவர் அதை விட்டிருந்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

2022 பிப்ரவரியில் தாய்லாந்தில் மொழி விவகாரங்களைப் பார்க்கும் அரசு அமைப்பான ராயல் சொசைட்டி நகரத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் முறையைத் திருத்தி, க்ருங்தேப் மஹா நக்கோன் என்பதை முன்னால் வைத்தது. ‘பாங்காக் பெயர் மாறுகிறதாம்’ என்று உலகச் செய்திகளில் ஒரே பரபரப்பு. தாய்லாந்துக்காரர்களுக்கு அதில் மாற்றம் என்று எதுவும் இல்லை. அவர்கள் தங்கள் மொழியில் எப்போதும் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். அதன் முழு நீளத்தையும் 1989இலிருந்து பாடியும் வந்தார்கள்.

இன்று அண்ணனுக்கு எழுபதை ஒட்டிய வயது, தம்பிக்கு இரண்டு வயது குறைவு. அவர்கள் மேடையில் அந்தப் பாட்டை எடுக்கும்போது கூட்டத்தில் ஒரு பகுதி முதல் இரண்டு துண்டுவரை உறுதியாகப் பாடும், நடுவில் ‘நோப்பரத் ராச்சதானி’ பக்கம் வரும்போது சிலர் தடுமாறுவார்கள், கிட்டார் அவர்களைக் கையைப் பிடித்து அடுத்த துண்டுக்கு இழுத்துக்கொண்டு போகும், ‘ப்ரசித்’ என்று எல்லோரும் ஒன்றாக வந்து விழுவார்கள். உடனே முதலிலிருந்து, க்ருங்தேப் மஹா நக்கோன்.